முதுமையைத் தள்ளிப்போடும் மூலிகைகள்: ஆரோக்கியப்பச்சை கற்பிக்கும் பாடம்

கழக்கூட்டம் என்றதும் 1990-இல் அங்கே தொடங்கப்பட்ட டெக்னோபார்க் நம் நினைவுக்கு வரும். அவ்வூர் அமைந்துள்ள திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, கிழக்கே மலையடிவாரத்தில், பாலோடு என்னும் ஊரில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. உயிரணுக்களின் முதுமையைத் தாமதப்படுத்துவதாகக் கூறும் மூலிகை மாத்திரைகள் இன்று பெருகிவிட்டன. அவற்றை மதிப்பிடுவதற்கு, அந்நிறுவனம் ஆராய்ந்த ஒரு செடியின் வரலாறு நமக்குத் துணைபுரியும்.

1987 டிசம்பரில் அறிவியலாளர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அகத்தியமலைக் காடுகளுக்குச் சென்றது. வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் மலையேறும்போது சிறு கனிகளை உண்டு, களைப்பின்றி நடந்தனர். குழுவினரும் அவற்றை உண்டு புத்துணர்வு பெற்றனர். அச்செடியைப் பற்றிய அறிவு குலத்தின் மரபுச் சொத்து என்பதால் காணிகள் முதலில் சொல்லத் தயங்கி, பின்னரே காட்டிக்கொடுத்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

ஆய்வாளர்கள் அதன் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுக்கிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதன் தயாரிப்பு உரிமம் 7 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை. இவ்விரண்டிலும் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டு, 1999-இல் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை அதற்கு வழங்கப்பட்டது. மரபறிவின் பயனை அதன் உரியவர்களோடு பகிர வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக்கிய உயிரியல் பன்மயச் சட்டம் 2002-இல்தான் வந்தது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. காணிகள் அச்செடியைக் களைப்பு நீக்கவே பயன்படுத்தினர். களைப்பு நீங்குவது வேறு. உயிரணுவின் முதுமை குறைவது வேறு. முன்னதை உண்பவரே உணரலாம். பின்னதை நீண்டகால மருத்துவ ஆய்வால் மட்டுமே அறிய இயலும்.

நம் உயிரணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதன் குரோமோசோம்களின் முனைகளில் உள்ள டெலோமியர் என்னும் காப்புறை சிறிது குறைகிறது. அதைப் புதுப்பிக்கும் நொதி டெலோமரேஸ். இவை பற்றிய கண்டுபிடிப்புக்கு 2009-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த நொதியைத் தூண்டுவதாகச் சில மூலிகைப் பொருள்கள் விளம்பரம் செய்யப்படுகின்றன. ஆயினும், புற்றுநோய் உயிரணுக்களில் பெரும்பாலானவை முடிவின்றிப் பெருகுவதற்கு இதே நொதியையே பயன்படுத்துகின்றன. ஆகவே அதைத் தூண்டுவது நன்மையே தரும் எனக் கொள்ள முடியாது. எந்த மூலிகையும் மனித ஆயுளை நீட்டித்ததாக இதுவரை நிறுவப்படவில்லை.

இத்தகைய பொருளை வாங்குமுன் மூன்றைச் சிந்திப்போம்.

முதலாவது, அது மருந்தா, உணவுத் துணைப்பொருளா? துணைப்பொருளாயின், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்னும் அறிவிப்பு 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி உறையில் இருத்தல் வேண்டும். அதை நோய் தீர்க்கும் மருந்தாகக் கருதலாகாது.

இரண்டாவது, நமக்கு அது பாதுகாப்பானதா? எடுத்துக்காட்டாக, அமுக்கரா உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. தைராய்டு, நீரிழிவு, இரத்த உறைவு ஆகியவற்றுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்கலாகாது.

மூன்றாவது, செலவு என்ன? மாதம் 2,000 ரூபாய் எனில் ஆண்டுக்கு 24,000. பத்தாண்டுகளில் வட்டி நீங்கலாகவே 2,40,000 ரூபாய். ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்துக்கு இது மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆண்டுப் பரிசோதனைக்கும் உதவக்கூடிய தொகை.

மூலிகைகளை இகழ்வது நம் நோக்கமன்று. காணிகள் தம் செடியிடம் அது தரக்கூடியதை மட்டுமே எதிர்பார்த்தனர். நடைப்பயிற்சி, அளவான உணவு, நல்ல உறக்கம், புகையிலை தவிர்த்தல் ஆகிய மெய்ப்பிக்கப்பட்ட வழிகளைப் பின்பற்றி, உறையில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே பணப்பையைத் திறப்போம்.