குறுக்கலை சொல்லும் செய்தி

ஸ்கிப்பிங் கயிற்றின் நடுவில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டுங்கள். ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை மேலும் கீழும் உதறுங்கள். அலை தூணை நோக்கி ஓடும். ரிப்பனோ இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். இவ்வாறு ஊடகத்தின் துகள்கள், அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்ந்தால் அது குறுக்கலை எனப்படும். பயணம் செய்வது ஆற்றலே, துகள் அன்று.

ஒரு துகள் எழும்போது பக்கத்துத் துகளையும் உடன் இழுக்கிறது. திண்மப் பொருளில் இந்தப் பிடிப்பு உண்டு. திரவத்தின் அடுக்குகளோ ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிவிடும். ஆகவே திரவத்தின் உள்ளே குறுக்கலை பரவாது.

இதனால் நமக்கு என்ன பயன்? நிலநடுக்கத்தின்போது நெட்டலை முதலிலும், குறுக்கலை அடுத்தும் வந்து சேரும். பூமியினுள் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் குறுக்கலை நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள வெளிக்கருவம் உருகிய திரவம் என்பதற்கு இது முக்கியமான சான்றாகும். அதனுள்ளும் தனியே ஓர் உட்கருவம் உண்டு என்பதை, நெட்டலைகளை ஆராய்ந்து 1936-இல் வெளியிட்டவர் டென்மார்க் நாட்டுப் பெண் அறிஞர் இங்கே லேமன்.

யாரும் இறங்கிக் காண முடியாத ஆழத்தை அலைகளைக் கொண்டே அறிந்தார்கள். நாமும் ஒரு கயிற்றிலிருந்து தொடங்கலாம் அல்லவா?

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு