காவலே பகையானால்

2021 மே மாதம். மாமல்லபுரத்தை அடுத்த எங்கள் மீனவர் குப்பத்தில் பெரியப்பாவுக்குக் கொரோனாக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்துவிட்டது, ஆனால் எட்டாம் நாள் மூச்சு முட்டியது. செங்கல்பட்டில் மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சல் தணிந்தபின் நோய் முற்றுவானேன்? அன்று எனக்கெழுந்த இக்கேள்விக்கு விலங்கியல் பாடத்தில்தான் விடை கண்டேன்.

வைரஸ் நுழைந்ததும் நம் வெள்ளையணுக்கள் 'சைட்டோகைன்' என்னும் புரதங்களைச் சுரந்து ஒன்றையொன்று போருக்கு அழைக்கின்றன. பகை ஒடுங்கியதும் இவ்வழைப்பு நிற்க வேண்டும். சிலரிடம் நிற்பதில்லை. நுரையீரலின் இரத்த நுண்நாளங்கள் கசிந்து, காற்று நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது; பிராணவாயு இரத்தத்தில் கலப்பது தடைப்படுகிறது.

இம்மிகையைத் தணிக்கும் மலிவான மருந்து டெக்ஸாமெதசோன். 2020இல் பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதவர்க்கோ பயன் தரவில்லை. தொடக்கத்தில் வைரஸை அடக்குவது அக்காவற்படையே அன்றோ? அப்போது அதன் கையைக் கட்டலாகாது.

பெரியப்பா பிழைத்தார். ஆனால் முதல் நாள் காய்ச்சலுக்கே இம்மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கியோர் எங்கள் குப்பத்தில் உண்டு. நண்பர்களே, மருந்தின் பெயரைவிட அதற்குரிய காலம் பெரிது. இதை உங்கள் வீட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள்.