தாய் மரம் தெரியும், தகப்பன் மரம் தெரியுமா?



இரத்தினபுரி, களுத்துறை, காலிப் பக்கத் தோட்டங்களில் வீட்டு முற்றத்தில் ஒரு தென்னை வைக்கப் பலரும் ஆசைப்படுறாங்க. அதிகம் போனால் ஒரு மரத்துக்குத்தான் இடம். ஆனால் அது 60 வருஷம் நிற்கும். தப்பான மரமானால் பேரப்பிள்ளை காலத்திலும் காய்ப்பு குறைவுதான். ஆகவே விதைத் தேங்காயைத் தெரிவு செய்யும் முறையைப் படிப்போம்.

தேயிலையில் இது நமக்குத் தெரிந்த விஷயம். வீ.பீ. தேயிலை நல்ல செடியின் துண்டில் இருந்து வருவது. தாய் எப்படியோ, பிள்ளையும் அப்படி. விதைத் தேயிலை மலையிலோ செடிக்குச் செடி வித்தியாசம். தென்னையைத் துண்டு வெட்டி நட முடியாது. நெட்டைத் தென்னையின் பாளையில் ஆண் பூ உதிர்ந்த பிறகே பெண் பூ பக்குவமாகும். அதனால் மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்தில் இருந்து காற்றிலும் தேனீயிலும் வருது. தாயை அறிவோம், தகப்பனை அறியோம்.

தாயில் எதைப் பார்ப்பது? "குலை குலையாய்க் காய்க்குது" என்று எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறோம். எண்ணெய் கொப்பறாவில்தான் இருக்கிறது. உரித்த தேங்காயின் நிறை தாயிடம் இருந்து பிள்ளைக்கு உறுதியாக இறங்கும் குணம் என்று இலங்கை ஆராய்ச்சியாளர்கள் அளந்து கண்டார்கள். காய் எண்ணிக்கை அவ்வளவு உறுதியில்லை. மழையும் உரமும் அதை மாற்றிவிடும்.

செய்ய வேண்டியவை:

1. கிணறு, எருக்குழி, மாட்டுப்பட்டி அருகே உள்ள மரத்தை விடுங்கள். அங்கே காய்ப்பது இடத்தின் பலன், மரத்தின் குணம் அல்ல.

2. வருஷா வருஷம் ஒரே சீராகக் காய்க்கும் மரத்தைத் தேடுங்கள். அதன் காய்கள் சிலவற்றை உரித்து நிறுத்துப் பாருங்கள்.

3. நன்கு முற்றிய, 11, 12 மாதக் காய்கள் பலவற்றை முளைக்கப் போடுங்கள். முந்தி முளைத்து, கழுத்துத் தடித்த கன்றை நடுங்கள். பிந்தியதைக் கழியுங்கள்.

லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் சி.ஆர்.ஐ.சி. 65 குட்டையும் நெட்டையும் சேர்ந்த கலப்பு. சீக்கிரம் காய்க்கும். ஆனால் அதன் காயை விதைக்கு எடுக்காதீங்க. பிள்ளைகளில் சில குட்டைப் பக்கம் போகும், சில நெட்டைப் பக்கம் போகும். தாயின் சீர் வராது. கலப்பு வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் நாற்றுமேடையில் புதிதாய் வாங்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: இரண்டு மரத்தில் ஐந்தைந்து காய் எடுத்து, உரித்து நிறுத்து, கொப்பியில் எழுதுங்கள். எந்த மரத்துக் காயை விதைக்கு எடுக்கலாம் என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.