கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கும் தாய்



குழுவில் ஒருவருக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் எல்லோரும் போய்ப் பார்க்கிறோம். "பிள்ளைய கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க" என்று சேதி வந்தால் மட்டும், என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிவிடுகிறோம். அந்தத் தாய்க்கு நாம் அதிகம் தேவைப்படுவது அப்போதுதான். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

ஏன் இவ்வளவு கலக்கம்?

37 வாரம் முடியும் முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. பால் உறிஞ்சவும், உடல் சூட்டைக் காக்கவும், சில நேரம் மூச்சு விடவும்கூட அதற்கு உதவி வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் பிறக்கும் பிள்ளையை மேல்சிகிச்சைக்கு சுமார் 50 கி.மீ. தள்ளி, தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்கு அனுப்புவது உண்டு. ஆபரேஷன் தையலோடு தாய் இங்கே, பிள்ளை அங்கே, தகப்பன் இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில்!

இந்தப் பெற்றோரின் மன அழுத்தத்தை அளக்க, அமெரிக்க செவிலியர் பேராசிரியர் மார்கரெட் மைல்ஸ் குழுவினர் 1993இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். அதில் மூன்று பகுதி: மெஷின்களும் அவற்றின் சத்தமும், டியூபும் ஒயருமாகக் கிடக்கும் பிள்ளையின் தோற்றம், தாய் தகப்பன் செய்யவேண்டியதைச் செய்ய முடியாமல் போவது. பல நாட்டு ஆய்வுகளில் பெற்றோரை அதிகம் வாட்டியது மூன்றாவதுதான். "பெத்தவ நான், தூக்கக்கூட முடியலையே" என்கிற தவிப்பு அது. அதற்கு மருந்து, தாயின் வேலையைத் தாயிடம் கொடுப்பதே.

தாய் செய்யக்கூடியவை

1. சீம்பாலை வீணாக்காமல், 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை இரவிலும் பாலைப் பீச்சி, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் கொடுக்கலாம். டியூப் வழியாகப் போனாலும் அது தாய்ப்பால்தான்.

2. டாக்டர் சரி என்றதும் 'கங்காரு பராமரிப்பு': பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைப்பது. தகப்பனும் பாட்டியும்கூடச் செய்யலாம். டெல்லி சப்தர்ஜங் உள்ளிட்ட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பிறந்ததுமே இதைத் தொடங்கியபோது, 100க்கு 16 ஆக இருந்த இறப்பு 12 ஆகக் குறைந்தது.

3. உள்ளே போய்ப் பார்க்கத் தயங்காமல் கேளுங்கள். பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பிள்ளையின் பராமரிப்பில் சேர்க்கவேண்டும் என்று மத்திய அரசே 2017இல் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. மெஷின் கத்தினால் பதறவேண்டாம். பலமுறை ஒயர் நகர்ந்ததால்கூட அது கத்தும். நர்சைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நாம் சொல்லக்கூடாதவை

"ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது." இது தவறு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடும்.

"நீ வெயிட்டு தூக்குனதாலதான்." ரத்தக்கொதிப்பு, கிருமித் தொற்று, இரட்டைப் பிள்ளை எனக் காரணங்கள் பல. பலருக்குக் காரணமே தெரிவதில்லை. பழி சொன்னால் பால் ஊறாது, மனசுதான் ஒடியும்.

"தீட்டு கழியட்டும், அப்புறம் போ." வேண்டாம். முதல் நாட்களில்தான் பிள்ளைக்குத் தாய் அதிகம் தேவை.

குழு செய்யக்கூடியவை

- மூத்த பிள்ளைகளுக்குச் சோறு, ஆடு மாட்டுக்குத் தீனி என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.
- பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் சேமிப்பிலிருந்து அவசரக் கடன் கொடுத்து, அந்த மாதத் தவணையைத் தள்ளிவைக்கத் தீர்மானம் போடலாம். அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, ஆம்புலன்ஸ் எல்லாம் 2011 முதல் இலவசம் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.
- தகப்பனையும் விசாரியுங்கள். அவர் அழுவதில்லை, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, ஓயாத அழுகை, பிள்ளைமேல் ஒட்டாத மனசு இருந்தால் கிராம செவிலியரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணிலும் பேசலாம். 'செத்துடலாம்' என்ற வார்த்தை வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கூட்டத்தில் விவாதிக்க

1. நம் குழுவில் இப்படி ஒரு பிரசவம் நடந்தபோது நாம் என்ன செய்தோம்?
2. அடுத்த முறை யார் துணைக்குப் போவது, யார் வீட்டைப் பார்ப்பது?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.