சிறுவர் கையில் வண்டிச் சாவி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளில் ஆலைச் சரக்கேற்றிய கன்டெய்னர் லாரிகளினூடே நம் சிறுவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்கின்றனர். ஆகவே, சட்டத்தை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 16 வயது நிரம்பியோர் உரிமம் பெற்று 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டியை மட்டுமே ஓட்டலாம். பெரிய மோட்டார் சைக்கிளுக்கும் உழவு டிராக்டருக்கும் 18 வயதும், சரக்கு லாரிக்கு 20 வயதும் நிரம்ப வேண்டும். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். வண்டியில் ‘எல்’ பலகை இருத்தல் வேண்டும்.

சிறுவர் குற்றமிழைப்பின், 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சிறுவனுக்கோ 25 வயது வரை உரிமம் கிடையாது. ஓட்டுநர் வேலையை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இஃது எத்துணைப் பெரிய இழப்பு! ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக.