நீரிழிவும் சைவாசாரமும்

நீரிழிவைப்பற்றி ஆசிரியர்களுக்கு எழுதுவது எற்றுக்கு, அது வைத்தியர் கருமமன்றோ என்பாருமுளர். வைத்தியரிடத்து மக்கள் செல்வது பெரும்பாலும் நோய் முதிர்ந்த பின்னராம். ஆசிரியரோ, நாவின் சுவையும் நாள்வழக்கமும் அமையும் பருவத்திலேயே பிள்ளைகளைக் காண்பவர். அன்றியும், இந்நோய்பற்றிய செய்திகளுட் சில விரதத்தோடும் கோயில் வழிபாட்டோடும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை வைத்தியர் எடுத்துரைப்பின், அவர் தாமும் சைவரேயாயினும், 'இவர் விரதத்தைத் தடுக்கின்றார்' என்று சனங்கள் முகஞ்சுளிப்பர். சைவாசிரியர் சொன்னாற் கேட்பர். இதுபற்றியே இங்கு எழுதப் புகுந்தாம்.

உண்ட உணவினின்றும் பிறக்கும் சர்க்கரையை உடலின் உறுப்புக்கள் ஏற்று எரித்தற்குக் கணையஞ் சுரக்கும் இன்சுலின் வேண்டும். அது குறைந்தவிடத்தோ, சுரந்தும் உடல் அதற்கு இணங்காதவிடத்தோ சர்க்கரை இரத்தத்திலே தேங்கும். தேங்கியது நாளடைவிற் கண்ணையும், சிறுநீரகத்தையும், நரம்பையும், இருதயத்தையும் அரிக்கும். தொடக்கத்தில் நோவொன்றும் இல்லாமையே இந்நோயின் கொடுமை. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சியிலே, இருபது வயதைக் கடந்தாருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப்பேர் நீரிழிவுடையரென்பதும், அவருள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் அதனை அறியாதிருந்தனரென்பதும் காணப்பட்டன. உண்ணாதிருந்து காலையிற் சோதிக்கும்போது இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதன் மேலும் இருப்பின், மீட்டுஞ் சோதித்து நீரிழிவெனத் துணிவர். 100 முதல் 125 வரை எல்லைநிலை என்ப. இவ்வெல்லையில் நிற்பவரே நல்வழக்கத்தாற் பெரும்பயன் பெறத்தக்கவர்.

சைவபோசனம் உண்பார்க்கு இந்நோய் வாராதன்றோ எனின், அற்றன்று. புலால் மறுத்தல் உயிர்க்கொலை விலக்கும் அறம்பற்றியது. அதனை ஒரு மருந்தாக எண்ணி, வேறெதையும் எவ்வளவும் உண்ணலாமென்று கருதுதல் அறத்தையும் அறியாமை, உடலையும் அறியாமை. தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைக் குவித்து, உருளைக்கிழங்குக் கறியைத் துணையாகக்கொண்டு, மாலையில் வெள்ளைமாப் புட்டோ பாணோ உண்டு, இடையிடையே சீனித் தேநீர் பருகுபவரும் சைவபோசனக்காரரேயாவர். அவர் இலையிலே கீரையும் பருப்பும் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும்.

தேநீரைக் கணக்குப் பாடமாக்கலாம். தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். தேநீரொன்றுக்கு இரண்டு கரண்டியாக நாளொன்றுக்கு நான்கு முறை பருகுபவர் 32 கிராம் சீனி உண்கின்றார். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்படுஞ் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமளவிற் குறைந்திருத்தல் நன்றென்கின்றது. பலகாரமும் குளிர்பானமும் தீண்டாமுன்னரே அளவு கடந்தமை காண்க. பனங்கட்டியைக் கடித்துக் குடித்தாற் குற்றமில்லை என்பது நம்மவரிடைப் பரவிய மயக்கம். பனங்கட்டியும் சர்க்கரையே, இரத்தம் ஊர்ப்பற்று அறியாது.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர் ஒன்றைக் கவனித்திருப்பர். பெயர் மருந்தாயினும், அதன் பெரும்பகுதி உணவின் அளவையும் காலத்தையும்பற்றியே பேசுகின்றது. திருமூலரும் உடம்பை ஓம்புதலை மூன்றாந் தந்திரத்திலே எடுத்தோதினார். இவற்றை மனனஞ்செய்வித்து விடுதலோடு அமையாது, இலையில் இட்டுக் காட்டுக. இலையிற் பாதி மரக்கறியும் கீரையும், காற்பங்கு பருப்பு, கடலை, பயறு போல்வன, எஞ்சிய காற்பங்கே சோறு என்பது எவரும் நினைவிற்கொள்ளத்தக்க பங்கீடு. தவிடு நீக்காத சிவப்பரிசியும் குரக்கனும் வெள்ளைமாவினும் நல்லன. ஆயினும் அவையும் அளவுக்குட்பட்டனவே. வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் என்பவற்றிலுள்ள உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். நாளொன்றுக்கு எல்லாவற்றானும் 5 கிராம் உப்புக்கு மேற்படலாகாது.

நடையின் பயனுக்குச் சென்னையிலே செய்த ஆராய்ச்சி ஒன்று தக்க சான்று. 2006ஆம் ஆண்டு வெளிவந்த அதனில், எல்லைநிலையிலுள்ள 531 பேரை மூன்றாண்டளவு கவனித்தனர். பொதுவான அறிவுரை மாத்திரம் பெற்றாருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். நாடோறும் அரைமணி நேரமளவு நடந்து, உணவையும் திருத்திக்கொண்டாருள் 39 பேரே உற்றனர். மாத்திரை பெற்றார் தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. நடைக்குக் காசில்லை என்பதனாலேயே சிலர் அதனை மதிப்பதில்லை போலும்!

இனி, இயற்கை வழக்கத்தைப் புகழுங்கால் ஒரு கேட்டினையும் விலக்கல்வேண்டும். பாவற்காய்ச் சாறு பருகத் தொடங்கினேம், ஆதலின் மாத்திரையை நிறுத்தினேம் என்பாரை ஊர்தோறும் காணலாம். பாவற்காய் நல்ல கறி; இன்சுலினுக்கு ஈடன்று. பலர் உண்ணும் மெற்போமின் என்னும் மாத்திரைதானும் ஐரோப்பியச் செடியொன்றின் சத்தினை ஆராய்ந்ததன்வழி வந்தது. பச்சிலைக்கும் மாத்திரைக்கும் பிறவிப்பகை இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணாக்கருக்குக் கற்பித்தார்; அவர் மிஷனைச் சார்ந்தவர் என்பதுபற்றி அந்நன்மையை மறுப்பது நமக்கு அழகன்று. சித்தவைத்தியரிடம் செல்பவர் தாம் உண்ணும் மாத்திரைகளை அவருக்குச் சொல்லுக. மற்றை வைத்தியருக்குச் சூரணத்தைச் சொல்லுக.

விரதத்திற்கு வருவாம். வெள்ளிக்கிழமை ஒருபொழுதும், சட்டி, சிவராத்திரி முதலியனவும் உணவை அடக்கப் பழக்கும் நல்ல பயிற்சிகள். ஆயின் இன்சுலின் ஏற்றுபவரும், கணையத்தைத் தூண்டும் மாத்திரை உண்பவரும், மருந்தை வழக்கம்போற் கொண்டு உணவை மாத்திரம் விடுவாராயின் சர்க்கரை அபாயமாகத் தாழும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பிதற்றல் என்பன குறிகள். விரதகாலத்தில் அத்தகையார் ஒருவர் நடுங்கிப் பிதற்றின் அதனை உரு வந்ததென்று கருதிக் கைகூப்பி நில்லற்க. நினைவிருப்பின் மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரத்திற்குப்பின் மீட்டும் பார்க்க. நினைவிழந்தார் வாயில் எதனையும் வாராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. கந்தசட்டியில் உபவசிக்க இயலாதார் முதலைந்து நாளும் ஒவ்வொருபொழுது உண்ணலாமென்று நாவலரவர்கள் சைவவினாவிடையிலே எழுதியிருக்கின்றார்கள். நூலே இயலாமைக்கு இடந்தந்திருக்க, நோயாளரை நாணச்செய்வது யார் கொடுத்த அதிகாரம்? விரதந் தொடங்குமுன் வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் திருத்திக்கொள்க. ஆறாநாளிலும் உபவாசம் ஆகாதென்று அவர் கூறின் அதற்கு அமைக. பாரணையன்று இழந்ததையெல்லாம் வட்டியோடு மீட்பதுபோற் சர்க்கரைப்புக்கையும் மோதகமும் உண்பதும் நன்றன்று.

எல்லாவற்றினும் யாம் வற்புறுத்த விரும்புவது கால்களைப்பற்றியே. நெடுநாள் நீரிழிவுடையார் பலர்க்குப் பாத நரம்பு மரத்துப்போம். சூடு தெரியாது, முள் தெரியாது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் ஆடி ஆவணி வெயிலிலே நிகழ்வது. நண்பகலில் வீதி மணல் எப்படிக் கொதிக்குமென்பது அங்கு நின்றார் அறிவர். மரத்த காலுடையார் அம்மணலிற் பிரதட்சிணஞ் செய்து, கொப்புளங் கண்டபின்னரே வெந்தமை அறிவர். அக்கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலும் காலும் நீக்கப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. உழைக்குங் கால் போயின் அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்பும் அதனோடு போவதுண்டு. கோயில் வாயிலிற் பாதரட்சையைக் கழற்றுதல் ஆசாரம். வீட்டினின்றே வெறுங்காலோடு வருதல் அவரவர் நேர்த்தியேயன்றி யாவர்க்கும் விதியன்று. ஆதலின் அத்தகையார் விடியற்காலையிலும் மாலையிலும் வழிபட்டு, வாயில்வரை பாதரட்சையோடு வருக. கதிர்காம யாத்திரைக்கு நடக்க விரும்புவோர் முன்னரே பாதங்களை வைத்தியருக்குக் காட்டுக. காவடி எடுப்பாரும் அங்ஙனமே.

பாடசாலையிற் செய்யத்தக்கது எளிது. பேரனாரோ பேர்த்தியாரோ நீரிழிவுடையராயின், இரவில் அவர் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு ஈரமின்றித் துடைத்து, அடிப்பாதத்தை விளக்கொளியிற் பார்க்கும்படி பிள்ளைகளை ஏவுக. முதியோர்க்குத் தம் அடியைத் தாமே காண்டல் அரிது. பிள்ளையின் கண் கூரியது. வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், சீழ் என்னும் நான்கனுள் ஒன்று காணின் மறுநாளே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோர்க்குச் சொல்லச் செய்க.