கூடைப்பந்து வீரர் கடைக்காரர் ஆன வரலாறு



கடைக்காரர்கள் படிக்கும் இதழில் கூடைப்பந்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்களுக்கும் அந்த விளையாட்டில் பழக்கம் கிடையாது. பள்ளிக்கூட மைதானத்தில் கம்பத்தில் மாட்டிய வளையத்தைப் பார்த்திருக்கிறோம். நாங்கள் எறிந்த பந்து ஒருநாளும் அதற்குள் விழுந்ததில்லை. வீட்டில் பேரன் அமெரிக்க ஆட்டங்களை விடாமல் பார்ப்பவன். அவன் சொல்லித்தான் ஜூனியர் பிரிட்ஜ்மேன் என்ற பெயர் எங்கள் காதில் விழுந்தது. கேட்கக் கேட்க, இது விளையாட்டுக்காரர் கதை அல்ல, நம் ஜாதிக் கதை, அதாவது வியாபார ஜாதிக் கதை என்று பட்டது. அதனால் எழுதுகிறோம்.

அவர் 12 ஆண்டுகள் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடினார். ஆண்டுச் சம்பளமாக அவர் வாங்கிய அதிகபட்சத் தொகை மூன்றரை லட்சம் டாலர் என்கிறார்கள். அந்த நாட்டில் நல்ல சம்பளம்தான். ஆனால் இன்றைய வீரர்கள் கோடிக்கணக்கில் வாங்குவதோடு ஒப்பிட்டால் சில்லறை. 2025 மார்ச் 11 அன்று 71 வயதில் அவர் காலமானபோது, அவருடைய சொத்து மதிப்பு 140 கோடி டாலர் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை கணக்கிட்டிருந்தது. அதே விளையாட்டில் ஆன்டவான் வாக்கர் என்ற வீரர் சம்பளமாகவே 10 கோடி டாலருக்கு மேல் பெற்று, 2010-ல் திவால் மனு கொடுத்தார். வரவு பெரிதாக இருந்தவர் கையில் நிற்கவில்லை, சிறிதாக இருந்தவர் கையில் பெருகியது. நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

பிரிட்ஜ்மேன் 1953 செப்டம்பர் 17-ல் பிறந்தவர். முழுப்பெயர் யுலிசிஸ் லீ பிரிட்ஜ்மேன். அப்பாவுக்கும் அதே பெயர் என்பதால் மகன் 'ஜூனியர்'. ஊர் இந்தியானா மாநிலத்து ஈஸ்ட் சிகாகோ. இரும்பாலைகள் நிறைந்த ஊர். அப்பாவும் இரும்பாலைத் தொழிலாளிதான். 1971-ல் இவர் ஆடிய பள்ளி அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் மாநிலக் கோப்பையை வென்றது. பிறகு கென்டக்கி மாநிலத்து லூயிவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். 1975 தேசியப் போட்டியின் அரையிறுதியில் அவருடைய அணி 75-க்கு 74 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்பதுதான் தொழில்முறைக் கூடைப்பந்தின் பெரிய சங்கம். கல்லூரி முடித்து வரும் பையன்களை அணிகள் வரிசைமுறைப்படி தேர்ந்தெடுக்கும். 'இந்த அணிக்குத்தான் ஆடுவேன்' என்று பையன் சொல்ல முடியாது. 1975-ல் எட்டாவது ஆளாக பிரிட்ஜ்மேனை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி எடுத்தது. அந்த அணியின் சட்டையைப் போட்டு ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. சில வாரங்களிலேயே மில்வாக்கி பக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். காரணம், மில்வாக்கியில் இருந்த கரீம் அப்துல் ஜப்பார் என்ற மாபெரும் வீரர் ஊர் மாற விரும்பினார். அவரையும் கூட இன்னொருவரையும் கொடுத்து, பதிலுக்கு நான்கு பேரை மில்வாக்கி வாங்கிக்கொண்டது. அந்த நால்வரில் ஒருவர் பிரிட்ஜ்மேன்.

மண்டியில் முதல் தரச் சரக்கு ஒரு மூட்டைக்கு நடுத்தரம் நாலு மூட்டை தள்ளுவது நாம் அறிந்ததுதான். இங்கே மூட்டை மனிதன். 1984-லும் இதேதான் நடந்தது. அவரையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே லாட்டாக லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணிக்கு அனுப்பி, அங்கிருந்து மூன்று பேரை மில்வாக்கி எடுத்துக்கொண்டது. ஒன்பது ஆண்டுகள் குடியிருந்த ஊர், குடும்பம், பிள்ளைகள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

மில்வாக்கியில் அவர் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். கூடைப்பந்தில் களத்தில் இருப்பவர் ஐவர். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் பிரிட்ஜ்மேன் பெஞ்சில்தான் தொடங்குவார். ஆட்டம் தொய்யும்போதோ, ஐவரில் ஒருவர் களைத்தபோதோ, பயிற்சியாளர் டான் நெல்சன் இவரை இறக்குவார். இப்படி இறங்குபவருக்கு அங்கே 'ஆறாவது ஆள்' என்று பெயர். பார்க்க இரண்டாந்தர வேலை போலத் தெரியும். ஆனால் வெளியில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் எதிராளி எந்தப் பக்கம் ஓடுகிறான், யார் கால் தளர்ந்துவிட்டது என்பதெல்லாம் தெரியும். உள்ளே போனதும் சூடேற நேரம் கிடையாது; உடனே புள்ளி எடுக்க வேண்டும். அவர் எடுத்தார். மொத்தம் 849 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரி 13.6 புள்ளிகள். 1979-80 பருவத்தில் சராசரி 17.6. மில்வாக்கிக்கு மட்டும் 711 ஆட்டங்கள் ஆடினார். அந்த அணிக்கு அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்ற பெயர் பல்லாண்டு அவரிடமே இருந்தது. கோப்பை மட்டும் அவர் காலத்தில் மில்வாக்கிக்குக் கிடைக்கவில்லை. 1988-ல் அவர் அணிந்த 2-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அந்த அணி மரியாதை செய்தது. பெஞ்சில் தொடங்கிய ஆளுக்கு இது அபூர்வமான மரியாதை.

நம் சங்க அங்கத்தினர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. 1985 முதல் 1988 வரை அவர் வீரர்கள் சங்கத்தின் தலைவர். வீரர் ஒருவருடைய ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய அணியின் பிடி விடாத நிலைமை அன்று இருந்தது. அதை எதிர்த்து 1987-ல் வீரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்குக்கே 'பிரிட்ஜ்மேன் வழக்கு' என்றுதான் பெயர். 1988-ல் சமரசம் ஏற்பட்டது. குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடி ஒப்பந்தம் முடித்தவர், பழைய அணியின் தடை இல்லாமல் விரும்பிய அணிக்குப் போகலாம் என்றாயிற்று. அந்த உரிமையை முதலில் பயன்படுத்தியவர் டாம் சேம்பர்ஸ் என்ற வீரர். பிரிட்ஜ்மேனுக்கு அதனால் ஒரு காசு லாபமில்லை. அவர் 1987-லேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். சந்தா கட்டினால் நமக்கு என்ன கிடைக்கும் என்று மாதக் கூட்டத்தில் கேட்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

சங்கத் தலைவர் என்ற முறையில் முதலாளிகளுக்கு எதிரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை அவருடையது. அணிகளின் முதலாளிகள் எல்லாம் வேறு வேறு தொழில்களில் பணம் பண்ணியவர்கள். வருமானம் எங்கிருந்து வருகிறது, செலவு எங்கே போகிறது என்று எதிர்த்தரப்பின் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அந்த மேஜையில் பேச முடியாது. களத்தைப் பெஞ்சில் இருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுவும் ஒரு பெஞ்சுதான்.

இனி கடைக்கு வருவோம். ஆட்டம் இல்லாத மாதங்களில் சக வீரர்கள் ஓய்வெடுக்கப் போனபோது, இவர் வெண்டீஸ் என்ற ஹாம்பர்கர் கடையில் வேலை கற்றார். பன்னுக்கு நடுவே இறைச்சி வைத்துத் தரும் கடை; நம்மில் பலர் தொடாத பண்டம். பண்டம் வேறானாலும் கணக்கு ஒன்றுதான். ஆட்டம் முடிந்த சமயத்தில் மில்வாக்கியில் சில வெண்டீஸ் கடைகளை எடுத்து நடத்தத் தொடங்கினார். அந்தக் கம்பெனியே காலைச் சிற்றுண்டி வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு 1986-ல் நஷ்டம் காட்டியிருந்த நேரம் அது. கடைக்குச் சொந்தக்காரர் ஆன பிறகும் அடுப்படியிலும் கவுன்ட்டரிலும் நின்றார். ஊர் முழுக்கத் தெரிந்த முகம், ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். மூலையில் ஒளிந்து நிற்கவும் முடியாது. 'நேற்று வரை கைதட்டினோம், இன்று பன் சுடுகிறாரே' என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நின்றிருக்கிறார்.

இந்த இடத்தில் எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் மொத்தக் கடை அப்பா காலத்தில் இருந்து மிளகாய், மல்லி, பருப்பு வகை. 1989-ல் ஆசைப்பட்டு ஒரு சோப்புக் கம்பெனியின் ஏஜென்சி எடுத்தோம். பருப்பு விற்றவனுக்கு சோப்பு விற்கத் தெரியாதா என்ற எண்ணம். டெபாசிட் கட்டினோம், வேன் வாங்கினோம், லைனுக்கு ஆள் போட்டோம். நாங்கள் கிட்டங்கியை விட்டு வெளியே போகவில்லை. லைனுக்குப் போன பையன் மாதக் கடைசியில் காட்டிய பில் கட்டுதான் எங்களுக்குக் கணக்கு. விற்பனை ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் வருடம் ஒருநாள் அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்று நாங்களே வேனில் ஏறிப் போனோம். பதினேழு கடை ஏறினோம். ஒன்பது கடையில் சரக்கு அலமாரியில் அப்படியே இருந்தது. இலக்கை எட்டினால் வரும் கமிஷனுக்காக, கேட்காத கடையிலும் கடனுக்கு இறக்கியிருக்கிறான். வேனை விற்றுத்தான் பாக்கியை அடைத்தோம். பையன் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதல் மாதமே நாங்கள் வேனில் ஏறியிருந்தால் பதினேழு கடையும் அன்றே உண்மையைச் சொல்லியிருக்கும்.

பெயர் உரிமை எடுத்து நடத்தும் கடையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பங்கு விற்பனையின் மேல் சதவீதமாக இருக்கும். லாபத்தின் மேல் அல்ல. உங்களுக்கு நஷ்டமானாலும் அவர்களுக்குச் சேர வேண்டியது சேர வேண்டும். விலையில் பெரிதாகக் கை வைக்க முடியாது, ருசியிலும் கை வைக்க முடியாது. பிறகு கடைக்காரன் எங்கேதான் சம்பாதிப்பது? வீணாகும் பன்னில், தாமதமாக வரும் ஆளில், துடைக்காத மேஜையில், வரிசை நீளம் பார்த்துத் திரும்பிப் போகிற வாடிக்கையாளரில். இவை எதுவும் பேரேட்டில் தெரியாது. நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். சில கடைகளில் தொடங்கியவர், பின்னாளில் 160-க்கு மேற்பட்ட வெண்டீஸ் கடைகளும், 120 அளவில் சில்லீஸ் என்ற உணவு விடுதிகளும் நடத்தினார்.

2016-ல் அவற்றையெல்லாம் விற்றார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வளர்த்த தொழில், ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்றார். அப்போது கோகோ கோலா கம்பெனி அமெரிக்காவில் தன்வசம் வைத்திருந்த பாட்டில் தொழிற்சாலைகளையும் விநியோகத்தையும் தனியாரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. 2017-ல் கான்சஸ், மிசூரி, இல்லினாய்ஸ் மாநிலப் பகுதிகளுக்கான உரிமையை பிரிட்ஜ்மேன் எடுத்தார். நிறுவனத்துக்கு ஹார்ட்லேண்ட் கோகோ கோலா என்று பெயர்.

இதன் அமைப்பு நமக்குப் புரியும். தலைமைக் கம்பெனி தருவது சாரமும் பெயரும் விளம்பரமும். தண்ணீர் சேர்த்து, வாயு ஏற்றி, பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றி, கடை கடையாக இறக்குவது பாட்டில்காரர் வேலை. எல்லை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அவர்தான், வெளியே அவருக்கு உரிமையில்லை. பெரிய பேரங்காடியும் வாடிக்கை, மூலைக் கடையும் வாடிக்கை. ஹாம்பர்கர் கடைக்காரராக இத்தனை காலம் குளிர்பானத்தை வாங்கி விற்றவர், இப்போது கொண்டுவந்து இறக்குபவர் ஆனார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே 2017 மார்ச் முதல் தேதியில் இருந்துதான் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. நம்மில் பலர் அந்தப் பாட்டில்களை இறக்கி வைத்தோம், உள்ளூர் கலருக்கு இடம் கொடுத்தோம். ஆகவே அந்தப் பானத்தைப் புகழ்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் பார்ப்பது ஆளை.

2020 கடைசியில் அவர் எபனி, ஜெட் என்ற பெயர் பெற்ற கறுப்பின மக்களின் பத்திரிகைகளை திவால் நீதிமன்றம் மூலமாக 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கி, எபனியின் பொறுப்பை மகளிடம் கொடுத்தார். இதில் லாபம் எவ்வளவு என்ற கணக்கை நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை. சிறு வயதில் வீட்டு மேஜையில் கிடந்த பத்திரிகை கண் முன்னால் மூடப்படுவதைப் பார்க்கப் பொறுக்காதவர் நம்மிலும் உண்டு.

2024 செப்டம்பரில் மில்வாக்கி பக்ஸ் அணியில் 10 சதவீதப் பங்கை வாங்கினார். 1975-ல் நாலு பேரில் ஒருவராக அவரை வாங்கிய அணி, 1984-ல் மூன்று பேரில் ஒருவராக அவரைக் கொடுத்துவிட்ட அணி. இந்த முறை ஒப்பந்தத்தில் வாங்குபவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. ஆறு மாதம்தான் அந்தப் பங்கு அவர் கையில் இருந்தது. லூயிவில் நகரத்து ஓட்டல் ஒன்றில் மதிய விருந்துக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து அன்றே போய்விட்டார். பிள்ளைகள் மூவரும் குடும்பத் தொழிலில் இருக்கிறார்கள்.

எங்கள் பேரன் இப்போது கல்லூரி முதல் வருடம். விடுமுறைக்கு வந்தவன், கிட்டங்கிக்கு வரட்டுமா என்று கேட்டான். கல்லாவில் உட்காரக் கூப்பிடுவோம் என்று நினைத்திருப்பான். விடியற்காலை நாலு மணிக்கு லாரி வரும், மூட்டை எண்ண வா என்று சொல்லியிருக்கிறோம்.